இரண்டு பேர் கரையேற்றும் படகு: நாலு மாத முயற்சி

திருகோணமலையின் திருக்கடலூர்க் கரையில் மாமாவின் பைபர் படகு நிற்கிறது. பதினெட்டு அடி. இஞ்சினையும் வலையையும் இறக்கினால் ஏறக்குறைய 300 கிலோ இருக்கும் என்பது மாமாவின் கணக்கு. எங்கள் கடலில் வற்றுப்பெருக்கு மிகக் குறைவு, ஒரு மீற்றர்கூட வராது. ஆகவே கடல் படகைத் தூக்கி மேட்டில் வைக்காது. மனிதர்கள்தான் ஏற்ற வேண்டும்.

முன்பு இது ஒரு பிரச்சினையே இல்லை. படகு வந்தால் கரையில் நிற்கிற எட்டுப் பத்துப் பேர் கைகொடுப்பார்கள். ஒருவர் "ஏலேலோ" என்று குரல் வைக்க, மூன்று நிமிடத்தில் படகு மேட்டில் இருக்கும். கைகொடுத்தவர்களுக்குக் கறிக்கு மீன். இப்போது பெடியளில் பாதிப்பேர் வெளிநாட்டில். மாமாவுக்கு வயது 61, அவரோடு கடலுக்குப் போவது ஒரே ஒரு தம்பி. போன வருடம் வாடைக்காற்று தொடங்கிய நேரம், இரவில் கடல் ஏறியபோது ஆள் கிடைக்காமல் படகின் அணியம், அதாவது முன்பகுதி, கல்லில் அடிபட்டு வெடித்தது. அதைப் பார்த்த அன்றுதான் இந்த யோசனை வந்தது. அடுத்த வாடைக்கு முன்பு இரண்டு பேர் மட்டும் படகை ஏற்றக்கூடிய ஒன்றைச் செய்து முடிக்க வேண்டும். மின்சாரமும் வேண்டாம், மோட்டாரும் வேண்டாம். பள்ளிக்கூடத்தில் எளிய பொறிகள் என்று படித்தவற்றை வைத்தே பார்ப்போம் என்று ஓகஸ்டில் தொடங்கினேன்.

ஓகஸ்ட், முதல் வாரம்

முதலில் வீட்டு மாமரத்தில் பரிசோதனை. கிணற்றில் கிடந்த பழைய இரும்புக் கப்பியைக் கட்டி, 20 கிலோ மணல் மூட்டையைத் தூக்கினேன். கயிற்றின் மற்ற நுனியில் மீன் நிறுக்கும் தொங்கு தராசு. நிலையான ஒற்றைக் கப்பி பாரத்தைக் குறைக்காது, இழுக்கும் திசையை மட்டும் மாற்றும் என்பது தெரியும். ஆனால் தராசு காட்டியது 25 கிலோ. தூக்குவது இருபது, இழுப்பது இருபத்தைந்து! அச்சு துருப்பிடித்து, சக்கரம் சுற்றாமல் கயிறுதான் அதன்மேல் உரசிக்கொண்டு போனது. பெயாரிங் வைத்த கப்பி ஒன்று வாங்கி மாட்டியதும் 23 ஆக இறங்கியது.

பிறகு அசையும் கப்பி ஒன்றை மூட்டையோடு கட்டி, கயிற்றை மேலே உள்ள கப்பியால் சுற்றி இறக்கினேன். இப்போது 12 கிலோவுக்குச் சற்று மேல். புத்தகக் கணக்கில் 10 வரவேண்டும். அந்த இரண்டு சொச்சம் உராய்வுக்குப் போகிறது. அம்மா வந்து ஒரு கையால் இழுத்துப் பார்த்துவிட்டு, "உதைக் கிணத்துக்கும் போட்டுத் தாவன்" என்றார். அது அடுத்த வேலை.

மூட்டையை ஒரு மீற்றர் உயர்த்தக் கயிறு இரண்டு மீற்றர் இழுபட்டது. பாரத்தில் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு தூரத்தில் கூடுகிறது. படிக்கும்போது இதை மனப்பாடம் செய்து பொறிமுறை நயம், வேக விகிதம் என்று எழுதிவிட்டு வந்தோம். கையில் கயிறு ஓடும்போதுதான் அது உறைக்கிறது.

ஓகஸ்ட், மூன்றாம் வாரம்

கரையில் முதல் முயற்சி. கட்டுவதற்கு மேட்டில் நாலடி முளை ஒன்றை அடித்தோம். முளையில் ஒரு கப்பி, படகில் ஒரு கப்பி, கயிற்றின் தலைப்பைப் படகுக் கப்பியில் கட்டி இரண்டாலும் சுற்றி எடுத்தால் படகை மூன்று கயிறுகள் இழுக்கும். இரண்டே கப்பியில் மூன்று மடங்கு கிடைக்கும் கட்டு இது. இழுப்பவர் முளை இருக்கும் பக்கமாகவே நின்று இழுக்க வேண்டும், அதுதான் இதன் சூட்சுமம்.

படகு அசையவில்லை. முளைதான் அசைந்தது. மெல்லச் சாய்ந்து, மணலைப் பிளந்துகொண்டு வெளியே வந்துவிட்டது. கப்பியைப் பற்றி இவ்வளவு யோசித்த நான் அதைக் கட்டும் இடத்தைப் பற்றி யோசிக்கவே இல்லை. படகை இழுக்கிற அதே கட்டு முளையையும் படகை நோக்கி இழுக்கிறது. ஈர மணலில் நட்டு வைத்த கம்புக்கு அந்தத் தாங்குசக்தி கிடையாது.

மாமா சொன்ன வழியைப் பின்பற்றினோம். பனங்குற்றி ஒன்றை, ஐந்தடி நீளம், கடலுக்குச் சமாந்தரமாக மார்பளவு குழி வெட்டிக் கிடத்தினோம். நடுவில் சங்கிலி கட்டி, சங்கிலியின் மறுமுனையைச் சரிவாக மேலே எடுத்து, குழியை மூடி மிதித்து இறுக்கினோம். இழுபடும்போது குற்றி தனக்கு முன்னால் உள்ள முழு மணலையும் தள்ள வேண்டும். இன்றுவரை ஒரு விரற்கடைகூட அசையவில்லை. பக்கத்துத் தென்னையில் கட்டியிருக்கலாமே என்று கேட்டார்கள். கயிறு பட்டை அறுத்து மரத்தைக் கொன்றுவிடும். வேறு வழியே இல்லாவிட்டால் அகலப் பட்டியைச் சுற்றிக் கட்டலாம்.

செப்ரெம்பர் 6

குற்றி தாங்கியது, படகும் நகர்ந்தது. தராசு சுமார் 72 கிலோ காட்டியது. உராய்வைக் கழித்துக் கணக்குப் பார்த்தால் படகை நேரடியாக இழுக்க ஏறக்குறைய 190 கிலோ விசை வேண்டும். நானும் தம்பியும் ஆளுக்கு முப்பத்தாறு கிலோ இழுக்க வேண்டியிருந்தது, கால் மணலில் புதைந்து புதைந்து போனது. கப்பிகள் ஒன்றோடொன்று முட்டியதும் அவிழ்த்துத் திரும்பக் கட்ட வேண்டும். நாலு மீற்றர் ஏறுவதற்குள் இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது.

இன்னும் இரண்டு கப்பி போடலாமா என்று யோசித்தேன். மாமா ஏராவின், அதாவது படகின் அடிக்கட்டையின் கீழே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். "கயித்தைப் பாக்கிறதை விட்டுட்டு மண்ணைப் பார் மருமோன், படகு உழுதுகொண்டு வருது" என்றார்.

உண்மைதான். படகுக்குப் பின்னால் அரை அடி ஆழத்துக்கு ஒரு சால் இருந்தது. கரையின் சாய்வு எட்டுக்கு ஒன்று. அந்தச் சாய்வுக்காக மட்டும் தேவைப்படும் விசை 37, 38 கிலோதான். மீதி 150 கிலோவும் மணலோடு மல்லுக்கட்டவே போகிறது. நான் கப்பியைக் கூட்டினால் அந்த வீண் வேலையைச் சுகமாகச் செய்வேனே தவிர, அது குறையாது.

செப்ரெம்பர், கடைசி இரண்டு வாரம்

உருளைக் கட்டைகள். முதலில் நாலு அங்குல பிவிசி குழாய் வைத்தேன், இரண்டாவது இழுப்பிலேயே நசிந்து வெடித்தது. பிறகு சவுக்கு மரத்தில் ஐந்து அங்குல விட்டத்தில் நாலடிக் கட்டைகள் ஆறு வெட்டினோம். வெறும் மணலில் வைத்தால் கட்டையும் புதைகிறது. கீழே பலகை போட்டு, அதன்மேல் கட்டையை உருட்டினால்தான் வேலை.

படகு இரண்டு மீற்றர் போனால் கட்டை ஒரு மீற்றர்தான் போகும். ஆகவே கட்டைகள் பின்னால் விடுபட்டுக்கொண்டே இருக்கும், எடுத்து எடுத்து முன்னால் போட ஒருவர் வேண்டும். ஒருமுறை போடப் பிந்தியதால் படகு முழுவதும் இரண்டே கட்டையில், அணியத்திலும் பின்பக்கத்திலுமாக ஏறி நின்றது. நடுவில் அடிப்பகுதி தொய்ந்ததைக் கண்ணால் கண்டேன். உடனே நிறுத்திவிட்டோம். அந்த நேரம் மாமா எங்கள் துறைமுகத்தில் நடந்த பழைய கதையைச் சொன்னார். 1944 ஓகஸ்ட் 8ஆம் திகதி மிதக்கும் கப்பல்தளம் ஒன்று, வேலியன்ற் என்ற பிரித்தானியப் போர்க்கப்பலைத் தூக்கிக்கொண்டிருந்தபோதே முறிந்து மூழ்கியது. கப்பலின் பாரம் இருக்கும் விதத்துக்கு ஏற்றபடி தளத்தின் தாங்கிகளில் நீர் சமன்செய்யப்படவில்லை. முப்பதாயிரம் தொன் கப்பலுக்கும் மாமாவின் படகுக்கும் ஒரே பாடம்தான், பாரம் பரவி உட்கார வேண்டும். இப்போது எந்த நேரமும் நாலு கட்டை அடியில் இருக்கும்படி பார்த்துக்கொள்கிறோம்.

முதல் கட்டையைப் படகுக்கு அடியில் நுழைப்பதுதான் சிரமம். அதற்கு அலவாங்கு, அதாவது கடப்பாரை. ஐந்தடி அலவாங்கின் நுனியிலிருந்து அரை அடி தள்ளிக் கருங்கல்லை ஆதாரமாக வைத்து, மற்ற முனையை அமத்தினால் ஒன்பது மடங்கு. ஏராவில் நேரே படாமல் பலகைத் துண்டு ஒன்றை இடையில் வைத்தேன். கல்லின் கீழேயும் பலகை வேண்டும், இல்லாவிட்டால் படகு ஏறாது, கல் இறங்கும். மணலில் ஒட்டிக் கிடந்த படகு முதல் அசைவுக்குத்தான் அதிக விசை கேட்கிறது, அசைந்த பிறகு இளகிவிடும். கரைவலை இழுப்பவர்கள் குரல் வைத்து எல்லோரும் ஒரே கணத்தில் இழுப்பதன் பலன் இங்கேதான் எனக்குப் புரிந்தது.

கட்டைகள் வைத்த பிறகு அதே மூன்று கயிற்றுக் கட்டில் தராசு காட்டியது 23 கிலோ. அதாவது நேரடி விசை 190இலிருந்து சுமார் 60க்கு வந்துவிட்டது. அந்த இலக்கத்தைப் பார்த்துத் திரும்பவும் இழுத்துப் பார்த்தேன், திரும்பவும் 23.

ஒக்ரோபர்

கயிற்றை அவிழ்த்துக் கட்டுகிற தொல்லை போக வேண்டும் என்பதற்காக இந்த மாதம் முழுவதும் கயிற்றைத் தன்மேல் சுற்றி இழுக்கும் சுற்று உருளை வேலை. பாலையூற்றில் ஒரு வெல்டிங் கடையில் ஆறு அங்குலக் குழாயில் உருளை செய்வித்தேன். இரண்டு பக்கமும் பெயாரிங், ஒரு முனையில் சிலுவை போல நாலு கைபிடி, நடுவிலிருந்து ஒவ்வொன்றும் 60 சென்ரிமீற்றர். சட்டம் முதிரைக் கட்டையில், சங்கிலியால் பழைய பனங்குற்றியோடு பிணைத்தாயிற்று.

உருளையில் கயிறு ஒரு சுற்றுச் சுற்ற அரை மீற்றருக்குச் சற்றுக் குறைவாக ஏறும். அதே நேரம் கைபிடியின் நுனி மூன்றே முக்கால் மீற்றர் சுற்றி வரும். 12 மீற்றர் படகை ஏற்ற 25 சுற்று, என் கைகள் போகும் தூரம் ஏறக்குறைய 94 மீற்றர். கைபிடியில் தராசைக் கொளுவிப் பார்த்தால் 11 கிலோ. மாமாவின் பத்து வயதுப் பேத்தி இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு ஓடினாள்.

விசையைத் தூரத்தால் பெருக்கினால் வேலை, அந்தக் கணக்கை எழுதி வைத்திருக்கிறேன். வெறும் மணலில் 190 கிலோவை 12 மீற்றர் இழுத்தால் 2280. கட்டைகளின்மேல் 60 கிலோ, அதே தூரம், 720. உருளையைச் சுற்றும்போது 11 கிலோ, 94 மீற்றர், 1034. உருளை வந்த பிறகு வேலையின் மொத்தம் கூடியிருக்கிறது, வினைத்திறன் 70 வீதம்தான். ஆனால் அதை அறுபது கிலோவாகச் சுமக்காமல் பதினொரு கிலோவாக நின்று நிதானமாகச் செய்யலாம். வேலையையே குறைத்தது சவுக்குக் கட்டை. பாரத்தை ஒரு ஆளின் கைக்கு அடக்கியது உருளை. இந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொள்ள எனக்கு இரண்டு மாதம் எடுத்தது. ஆர்க்கிமிடிஸ் தூரத்தில் உட்கார்ந்தபடி கப்பிகளால் மூன்று பாய்மரக் கப்பல் ஒன்றைச் சுமையோடு இழுத்தார் என்று புளூட்டாக் எழுதியிருக்கிறார். அவர் அன்று எவ்வளவு நீளம் கயிறு இழுத்தார் என்றுதான் இப்போது எனக்குக் கேட்கத் தோன்றுகிறது.

ஒரு விபத்தும் நடந்தது. 18ஆம் திகதி பாதி ஏறிய நேரம் வியர்வையில் என் கை வழுக்கியது. படகு பின்னுக்கு இறங்க, கைபிடிகள் எதிர்ப்பக்கம் விசிறியாகச் சுழன்றன. ஒன்று முழங்கைக்குக் கீழே அடித்து, ஒரு வாரம் வீக்கம். எலும்பு தப்பியது. மறுநாளே பத்து மில்லிமீற்றர் தகட்டில் பன்னிரண்டு பல்லுச் சக்கரம் வெட்டுவித்து, மேலே விழும் நாக்கு ஒன்றைப் பொருத்தினேன். இப்போது "கடக் கடக்" என்று ஏறும், கையை விட்டாலும் நிற்கும். யாராவது இதைச் செய்யப் போகிறீர்கள் என்றால் முதலில் இந்த நாக்கைச் செய்யுங்கள், மற்றதெல்லாம் பிறகு.

கயிற்றையும் சொல்ல வேண்டும். நைலோன் கயிறு இழுபட்டு நீளும், அறுந்தால் சவுக்கு மாதிரித் திரும்பி அடிக்கும். இழுக்கும்போது கயிற்றின் நேர்க்கோட்டில் யாரும் நிற்கக் கூடாது, அதைத் தாண்டவும் கூடாது. பிள்ளைகளை நான் சட்டத்துக்குப் பின்னாலேயே நிறுத்துகிறேன்.

நவம்பர் 21

வாடை பிடித்துவிட்டது. மாலையில் கோணேசர் மலைப் பக்கம் கறுத்து வந்தது. மாமா இஞ்சினைத் தோளில் வைத்துக்கொண்டு இறங்கினார். படகுக்குள் நின்ற தண்ணீரை முதலில் இறைத்தோம், ஒரு லீற்றர் ஒரு கிலோவுக்கு மேல் என்பதால் இது சும்மா விடுகிற விடயமில்லை. அலவாங்கை நான் பிடிக்க, தம்பி முதல் கட்டையை நுழைத்தார். பிறகு நான் உருளையில், அவர் கட்டைகளில். 14 நிமிடம். எட்டுப் பேர் மூன்று நிமிடத்தில் செய்த வேலைதான், ஆனால் இன்று மழையில் கரையில் நின்றவர்கள் நாங்கள் மூன்று பேர் மட்டும். மாமாவை ஒன்றும் தொட விடவில்லை. அவர் பழக்கத்தில் "ஏலேலோ" என்று குரல் வைத்துக்கொண்டே நின்றார். முடிந்ததும் பறியிலிருந்து இரண்டு சூடை மீனை எடுத்து என் கையில் வைத்தார்.

மீதி வேலை ஒன்று இருக்கிறது. கயிறு உருளையின் ஒரு பக்கமாகவே குவிந்து, இரண்டாம் அடுக்கு ஏறும்போது கைபிடி கனக்கிறது. சுற்று பருத்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் அதிகக் கயிறு ஏறுகிறது, பாரமும் கூடுகிறது. கயிற்றை வரிசையாக வழிகாட்டி விட முன்னால் ஒரு சிறு கட்டையை இட வலமாக நகரும்படி வைத்துப் பார்க்கப் போகிறேன். அதுவரை பெயாரிங்குகளுக்குக் கிறீஸ் பூசி, உரப்பையால் மூடிக் கட்டி வைத்திருக்கிறேன்.