ஆர்பி4011: ஆறிலிருந்து ஏழுக்கு, திரும்பி வரும் வழியோடு

எங்கள் அலுவலகத்துக்கு இருப்பது ஒரே ஒரு ரவுட்டர், மைக்ரோடிக் ஆர்பி4011. அதன் இயங்குதளமான ரவுட்டர்ஓஎஸ் 6-ஐ 7-க்கு மாற்றும் வேலையை அதனாலேயே தள்ளிப்போட்டு வந்தேன். கடைசியில் உட்கார்ந்து செய்தபோது அதிக நேரம் பிடித்தது அப்கிரேடு அல்ல. பூட் ஆகாவிட்டால், அதாவது புதிய ஓஎஸ் எழுந்து ஓடாவிட்டால், என்ன செய்ய வேண்டும் என்று ரவுட்டருக்கு முன்கூட்டியே சொல்லிவைக்கும் வேலைதான்.

இந்த மாடலில் 512 எம்பி நேண்ட் (ஓஎஸ்ஸும் கான்ஃபிக்கும் தங்கும் ஃபிளாஷ் நினைவகம்) இருப்பதால் பார்ட்டிஷன் போடலாம், அதாவது அதைத் தனித்தனிப் பகுதிகளாகப் பிரிக்கலாம். 16 எம்பி ஃபிளாஷ் உள்ள சின்ன மாடல்களில் அதற்கு இடமில்லை. பேக்கப் ஃபைல், எக்ஸ்போர்ட் (அமைப்புகளை எழுத்து வடிவில் தரும் ஃபைல்) இரண்டையும் முதலில் லேப்டாப்புக்கு இறக்கினேன். ரீபார்ட்டிஷன், இயங்கும் பகுதியை மட்டும் விட்டுவைத்து நேண்டை ஃபார்மேட் செய்துவிடும். அதில் ஏதாவது கோளாறானால், ரவுட்டருக்குள்ளேயே பேக்கப் வைத்து என்ன பயன்? இரண்டாகப் பிரித்து ரீபூட் ஆனதும், 'காப்பி-டு' கொடுத்து ஓஎஸ், கான்ஃபிக் எல்லாவற்றையும் இரண்டாம் பகுதிக்கு நகலெடுத்தேன். முதல் பகுதி பூட் ஆகாவிட்டால் எங்கே போவது என்று சொல்லும் அதன் 'ஃபால்பேக்-டு'வில் இரண்டாவதன் பெயரைப் போட்டேன்.

பலரும் இதோடு நிம்மதியாகிவிடுகிறார்கள். ஆனால் ஃபால்பேக் வேலை செய்வது பூட்டே ஆகாதபோது மட்டும். ஓஎஸ் நன்றாக ஏறி, ரவுட்டிங் மட்டும் குழம்பிக் கிடந்தால், ரவுட்டரைப் பொறுத்தவரை எல்லாம் சரிதான். அது தானாகத் திரும்பாது. அந்த நிலையில் மைக்ரோடிக்கின் நிர்வாக மென்பொருளான வின்பாக்ஸில், ஐபி முகவரி தேவைப்படாத மேக் முகவரி (போர்ட்டின் வன்பொருள் முகவரி) வழியாக நுழைந்து, பழைய ஓஎஸ் உள்ள இரண்டாம் பகுதியை 'ஆக்டிவேட்' செய்து ரீபூட் கொடுக்க வேண்டும். அப்கிரேடுக்கு முன்பே அதை ஒருமுறை ஒத்திகை பார்த்தேன். இரண்டாம் பகுதியிலிருந்து எல்லாம் அப்படியே எழுந்து வந்தது.

எதிலிருந்து பூட் ஆவது என்று சொல்லும் பூட்-டிவைஸ் அமைப்பு, நேண்ட் தோற்றால் ஈதர்நெட் கேபிள் வழியாக என்ற இயல்பு நிலையிலேயே இருக்கட்டும் என்று விட்டேன். இரண்டு பகுதியும் கைவிட்டால், லேப்டாப்பிலிருந்து கேபிள் வழியாக ஓஎஸ்ஸைப் புதிதாக ஏற்றும் நெட்இன்ஸ்டால்தான் கதி. அதையும் மேசையில் சும்மா கிடந்த பழைய ரவுட்டர் ஒன்றில் பழகிக்கொண்டேன். ரீசெட் பட்டனை அழுத்தியபடியே மின்சாரம் கொடுத்து, எல்இடி அணையும்வரை விடக்கூடாது. கேபிள் முதல் போர்ட்டில். லேப்டாப்பில் வைஃபையை அணைத்து, ஃபயர்வாலையும் நிறுத்திய பிறகுதான் பட்டியலில் ரவுட்டர் தலைகாட்டியது.

அப்கிரேடில் ஒரு படி உண்டு. 7.13-லிருந்து வயர்லெஸ் தனிப் பேக்கேஜ் ஆகிவிட்டதால், முதலில் 7.12-க்குப் போய், அங்கிருந்துதான் மேலே ஏற வேண்டும். இந்த ரவுட்டரின் பிராசசர் வகையான ஏஆர்எம்-முக்குரிய பேக்கேஜை வின்பாக்ஸின் ஃபைல்ஸில் இழுத்துப் போட்டு ரீபூட். ஏழில் ரவுட்டிங் டேபிள்களை (எந்த டிராஃபிக் எந்த வழியில் போகும் என்ற பட்டியல்களை) தனியாக அறிவிக்க வேண்டும் என்பதால், உள்ளே போனதும் நான் முதலில் திறந்தது அந்தப் பக்கம்தான். இரண்டாவது இணைய இணைப்பின் டேபிள் அங்கே இருந்தது.

ரவுட்டர்பூட்டை மட்டும் அன்று தொடவில்லை. அது இரண்டு பகுதிக்கும் பொதுவான பூட்லோடர், அதாவது ஓஎஸ்ஸை ஏற்றிவிடும் சிறு மென்பொருள். ஓஎஸ் சில நாள் ஒழுங்காக ஓடிய பிறகே 'அப்கிரேடு' கொடுத்து இன்னொரு ரீபூட் செய்தேன்; 'ஆட்டோ-அப்கிரேடு' நோ-விலேயே இருக்கிறது. இரண்டாம் பகுதியில் இன்னும் ஆறுதான். மாதக் கடைசி பில்லிங் முடிந்ததும் அதன்மேல் 7-ஐ நகலெடுத்துவிடுவேன்.