வெற்றுக் கட்டத்தில் பூஜ்யம் போட்ட கதை

போன வருடம் இரண்டு நேர்முகத் தேர்வுகளில் “பவர் பிஐ தெரியுமா?” என்று கேட்டார்கள். தரவை வரைபட அறிக்கையாக மாற்றும் மைக்ரோசாஃப்ட் மென்பொருள் அது. இரண்டிலும் “கொஞ்சம் தெரியும்” என்றேன். யூடியூபில் பார்த்ததோடு சரி, கை வைத்ததில்லை. அப்போது கோலாலம்பூரில் ஒரு கால் சென்டரில் வேலை. காசு கட்டி வகுப்புக்குப் போக முடியாததால், ஃபோரேஜ் என்ற இணையப் பயிற்சித் தளத்தில் பிடபிள்யூசி சுவிட்சர்லாந்து என்ற தணிக்கை, ஆலோசனை நிறுவனத்தின் பெயரில் இருக்கும் பவர் பிஐ மெய்நிகர் வேலைப் பயிற்சியில் சேர்ந்தேன். இலவசம்தான். கற்பனைத் தொலைபேசி நிறுவனம் ஒன்றின் எக்செல் கோப்பைத் தருவார்கள். மேலாளர் கேட்டபடி டாஷ்போர்டு, அதாவது முக்கிய எண்களை ஒரே பக்கத்தில் காட்டும் வரைபடத் தொகுப்பு, செய்து அனுப்பினால் மாதிரி விடை வரும். நம் வேலையைத் திருத்த ஆள் கிடையாது.

முதல் வேலையே கால் சென்டர் தரவு. 5000 அழைப்புகள், 8 முகவர்கள். நம்ம ஏரியா என்று தெம்பாக உட்கார்ந்தேன். வாடிக்கையாளர்கள் தந்த மதிப்பெண் இருக்கும் பத்தியில் (column) நிறைய வெற்றுக் கட்டங்கள். பார்க்க அசிங்கமாக இருக்கிறதே என்று எல்லாவற்றிலும் 0 போட்டுவிட்டேன். சராசரி 2.8 வந்தது. செந்தூல் வீட்டில் நள்ளிரவு வரை வண்ணம் மாற்றிக்கொண்டிருந்தேனே தவிர, அந்த எண்ணைச் சந்தேகிக்கவில்லை.

மறுநாள் வேலையில் ஒரு வாடிக்கையாளர் காத்திருந்து காத்திருந்து போனை வைத்துவிட்டார். அப்போதுதான் உறைத்தது. எடுக்காத அழைப்புக்கு யார் மதிப்பெண் தருவார்? அந்தக் கட்டங்கள் காலியாகத்தான் இருக்க வேண்டும். பவர் பிஐ சராசரி எடுக்கும்போது வெற்றுக் கட்டத்தைக் கணக்கில் சேர்க்காது, 0 இருந்தால் சேர்த்துவிடும். பழையபடி விட்டதும் 3.4 வந்தது. என் கோப்பை யாராவது நம்பியிருந்தால் எட்டு முகவர்களும் செய்யாத தப்புக்குத் திட்டு வாங்கியிருப்பார்கள். அந்தத் திட்டு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

இரண்டாவது வேலை, விலகிப்போன வாடிக்கையாளர்கள். 7043 பேரில் 26.5 சதவீதம் போய்விட்டார்கள். நீண்ட ஒப்பந்தம் இல்லாமல் மாதாமாதம் கட்டுகிறவர்களில் 43 சதவீதம் விலக, இரண்டு வருட ஒப்பந்தக்காரர்களில் 3 சதவீதம்கூட இல்லை. “எல்லாரையும் ஒப்பந்தத்தில் சேர்த்தால் போதும்” என்று எழுதி அனுப்பினேன். பிறகு ஒரு நேர்முகத் தேர்வில் இதைக் காட்டியபோது, அங்கிருந்த அக்கா சிரித்துக்கொண்டே கேட்டார்: “ஒப்பந்தம் போட்டதால இருந்தாங்களா, இருக்க நினைச்சவங்கதான் ஒப்பந்தம் போட்டாங்களாம்மா?” பதில் வரவில்லை. வேலையும் கிடைக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து எந்தப் பட்டை வரைபடம் வரைந்தாலும் அந்தக் கேள்வி கூடவே வருகிறது.

மூன்றாவது வேலை ஊழியர்களில் ஆண் பெண் சமநிலை பற்றியது. முதல் இரண்டையும் ஒழுங்காகச் செய்தவர்களுக்கு அது கஷ்டமில்லை.

சேரப் போகிறவர்களுக்குச் சில நடைமுறை விஷயங்கள். பவர் பிஐ டெஸ்க்டாப் விண்டோஸில் மட்டும்தான் ஓடும். இணையத்தில் வெளியிட ஜிமெயில் செல்லாது, அலுவலக அல்லது கல்லூரி மின்னஞ்சல் வேண்டும்; இல்லாதவர்கள் பிடிஎஃப் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மாதிரி விடையை முன்கூட்டியே தேடிப் பார்க்காதீர்கள். பார்த்துவிட்டால் உங்கள் கை அதையேதான் வரையும். சான்றிதழை ரெஸ்யூமில் பயிற்சி என்று போடுங்கள். வேலை அனுபவம் என்று போட்டு மாட்டிக்கொண்டவர்களை எனக்குத் தெரியும்.

அதோடு நிறுத்திவிடவும் வேண்டாம். ஆயிரக்கணக்கானவர்கள் அதே கோப்பில் அதே டாஷ்போர்டைத்தான் வைத்திருக்கிறார்கள். நான் data.gov.my என்ற மலேசிய அரசின் திறந்த தரவுத் தளத்தில் தினசரி ரயில் பயணிகள் எண்ணிக்கையை எடுத்தேன். பத்துமலை முருகன் கோவிலுக்குப் போகும் கொம்யூட்டர் ரயில் என்றால் நமக்குத் தைப்பூசம்தானே ஞாபகம் வரும். 2024இல் தைப்பூசம் ஜனவரி 25, 2025இல் பிப்ரவரி 11. ஜனவரியை ஜனவரியோடு ஒப்பிட்டால் கூட்டம் குறைந்ததுபோலத் தெரியக்கூடும். உண்மையில் திருவிழா அடுத்த மாதத்துக்கு நகர்ந்திருக்கிறது. அதனால் தைப்பூச நாளுக்கு முன்பின் ஏழு நாள் என்று வெட்டி, இரண்டு வருடங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டேன்.

அடுத்த நேர்முகத் தேர்வில் அந்த ஒரு பக்கத்தைப் பற்றித்தான் முக்கால்வாசி நேரம் பேசினார்கள். சான்றிதழைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. இப்போது அங்கேதான் வாராந்திர அறிக்கை தயாரிக்கிறேன்.