அத்தை வீட்டு சாம்பல் செங்கல்

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை காலையில அம்பத்தூர்லேர்ந்து அத்தை போன் பண்ணாங்க. "ஏன்டா, நீ காங்க்ரீட்லதானே வேலை பாக்குற, எங்க ஃப்ளாட்டு சாம்பல் செங்கல்ல கட்டினதாமே, அதுலேர்ந்து கதிர்வீச்சு வருதாமே, தெரிஞ்சும் எங்ககிட்ட சொல்லாம விட்டுட்டியா"ன்னு எடுத்த எடுப்புலயே கேட்டாங்க. அவங்க பிளாக்லயே ஒரு அம்மாவுக்கு நுரையீரல்ல கேன்சர்னு சொல்லியிருக்காங்க, சிகரெட் புகை கூட பக்கத்துல வராத வீடு, அதே வாரம் குரூப்புல சாம்பல் செங்கல் வீட்டுல கதிர்வீச்சு வரும்னு ஒரு வாய்ஸ் நோட்டு சுத்தியிருக்கு. பயம் வராம எப்படி இருக்கும். "அத்தை, சாயந்திரம் வீட்டுக்கே வரேன், உக்காந்து பேசுவோம்"னு வெச்சுட்டேன். அன்னிக்கு பேசினதும் அப்புறம் தேடிப் படிச்சதும்தான் இந்த பதிவு.

நான் 12 வருஷமா காங்க்ரீட்டைக் கலந்து லாரியில அனுப்புற ரெடிமிக்ஸ் பிளாண்ட்ல குவாலிட்டி பாக்குறேன். டேங்கர் மாதிரி இருக்குற பல்கர் லாரி வந்து, ஸைலோங்கிற உயரமான தொட்டிக்கு ஃப்ளை ஆஷ், அதாவது இந்த சாம்பலை ஏத்தும்போது கொஞ்சம் கையில எடுத்து ரெண்டு விரல்ல தேச்சு பாத்தா முகத்துக்கு போடுற பவுடர் மாதிரி வழுக்கும். மைக்ராஸ்கோப்புல பாத்தா குட்டி குட்டி கண்ணாடி உருண்டை. அனல் மின் நிலையத்துல நிலக்கரி எரியும்போது உருகிப் போன தாது காத்துலயே உருண்டையா இறுகிடுது.

நிலக்கரியில யுரேனியமும் தோரியமும் துளித்துளியா இயற்கையாவே இருக்கு. கரி எரிஞ்சு போயிடும், இது சாம்பல்ல தங்கிடும். 100 கிலோ எரிச்சா 10 கிலோ சாம்பல் வர்ற கரின்னா பத்து மடங்கு செறிவாகும், நம்ம நாட்டுக் கரியில சாம்பலே 30, 40 கிலோ வர்றதால ரெண்டரை மூணு மடங்குதான் ஆகுது. மட்டமான கரின்னு நாம திட்டுறது இந்த ஒரு விஷயத்துல நமக்கு நல்லதாத்தான் இருக்கு.

இதை அளக்க ஒரு கணக்கு இருக்கு. பொருள்ல கிலோவுக்கு எத்தனை பெக்கரல்னு, அதாவது ஒரு செகண்டுக்கு எத்தனை அணு சிதையுதுன்னு பாப்பாங்க. யுரேனியம் சிதைஞ்சு வர்ற ரேடியம்-226 அளவை 300 ஆல, தோரியம்-232 அளவை 200 ஆல, பொட்டாசியம்-40 அளவை 3000 ஆல வகுத்து மூணையும் கூட்டணும். ஐரோப்பாவுல 2013-ல வந்த சட்டத்துல இதுதான் இருக்கு, கூட்டினது 1-க்குள்ள இருந்தா வீடு கட்ட பிரச்சனை இல்லன்னு விட்டுடுவாங்க, தாண்டினா மேல சோதிப்பாங்க. உலக சராசரி மண்ணுல இது மூணும் அதே வரிசையில 35, 30, 400. போட்டுப் பாருங்க, நாம நிக்கிற தரையே 0.4 வருது.

அத்தை வீட்டு காலண்டர் பின்னாடியே பேனாவால போட்டுக் காட்டினேன். ஒரு கணக்குக்கு சாம்பல்ல ரேடியம் 100, தோரியம் 120, பொட்டாசியம் 350-ன்னு வெச்சுக்குவோம், கூட்டினா 1.05, அதாவது வெறும் சாம்பலாலயே சுவர் எழுப்பினாத்தான் அந்த 1-ங்கிற எல்லையைத் தொடும். செங்கல்ல அது பாதிக்கு கொஞ்சம் மேல, மீதி மணலோ கல் பொடியோ, சுண்ணாம்போ சிமெண்டோ. காங்க்ரீட்டுல இன்னும் கம்மி. எங்க பேட்ச் ஸ்லிப், அதாவது கலவைச் சீட்டு மாதிரி ஒண்ணு சொல்றேன், ஒரு கன மீட்டருக்கு சிமெண்ட் 240 கிலோ, ஃப்ளை ஆஷ் 100, எம் சாண்ட் 750, ஜல்லி 1150, தண்ணி 160, மொத்தம் 2400. சாம்பல் நூத்துக்கு நாலு. ஜல்லியும் எம் சாண்டும் சேர்ந்து கிட்டத்தட்ட 80, ரெண்டுமே கல்லை உடைச்சு எடுக்குறதுதான். கிரானைட் வகை கல்லுல பொட்டாசியம்-40 மட்டும் 1000 பெக்கரலைத் தாண்டுறது சர்வ சாதாரணம். சாம்பலைப் பாத்து பயப்படுற நாம எந்த குவாரி ஜல்லின்னு ஒருநாளும் கேட்டதில்ல.

அத்தை ரொம்ப நேரம் அந்த காலண்டரையே பாத்துட்டு, "அப்ப அந்த அம்மாவுக்கு ஏன் வந்துச்சு"ன்னு கேட்டாங்க. எனக்கு அதுக்கு பதில் இல்ல. ரேடான் பத்தி மட்டும் சொன்னேன். ரேடியம் சிதைஞ்சு ரேடான்-222னு ஒரு வாயு வரும், அரை ஆயுள் 3.8 நாள், சுவர்லேர்ந்தும் அதைவிட அதிகமா கீழ மண்ணுலேர்ந்தும் கசிஞ்சு ரூமுக்குள்ள தேங்கும். நுரையீரல் கேன்சருக்கு புகைபிடிக்கிறதுக்கு அடுத்த முக்கிய காரணமா உலக சுகாதார நிறுவனம் இதைத்தான் சொல்லுது, வீட்டுக் காத்துல ஒரு கன மீட்டருக்கு 100 பெக்கரலுக்கு கீழ இருக்கணும்னு 2009-ல சொல்லியிருக்காங்க. ஆனா ஃப்ளை ஆஷ்ல ரேடியம் அந்த கண்ணாடி உருண்டைக்குள்ள மாட்டிக்கிறதால மண்ணை விட அதுலேர்ந்து ரேடான் வெளிய வர்றது ரொம்ப கம்மி. ஜன்னல் திறந்தா மிச்சமும் போயிடும். அத்தை பெட்ரூம்ல ஏசிக்காக ஜன்னல் இடுக்குல டேப் ஒட்டி வெச்சிருந்தாங்க, அதை அன்னிக்கே பிச்சு எடுத்துட்டேன்.

எல்லா கழிவையும் இதே மாதிரி நம்பிடக் கூடாது. ஸ்வீடன்ல 1929-லேர்ந்து 1975 வரைக்கும் ஆலம் ஷேல்னு ஒரு பாறையை எரிச்சு நீல நிற லேசு காங்க்ரீட் செஞ்சு வீடு வீடா கட்டினாங்க, சிலதுல ரேடியம் 1000 பெக்கரலுக்கும் மேல, இன்னிக்கும் அங்க அந்த வீடுகள்ல ரேடான் அளந்துட்டு இருக்காங்க. உரத் தொழிற்சாலையில பாஸ்பாரிக் ஆசிட் எடுத்த பிறகு மிஞ்சுற ஜிப்சத்துலயும் ரேடியம் தங்கும், அதுக்கு நம்ம அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் கிராமுக்கு 1 பெக்கரல், அதாவது கிலோவுக்கு 1000-ன்னு ஒரு கோடு போட்டிருக்கு. ஐஐடி மெட்ராஸ் கேம்பஸ்ல 2013-ல அந்த ஜிப்சம் பேனல் வெச்சே மாடி வீடு கட்டிக் காட்டினாங்க. அளந்துட்டு பயன்படுத்தினா கழிவும் நல்ல பொருள்தான்.

என்னை உறுத்துறது வேற. எண்ணூர் பக்கம் செப்பாக்கம் போய் பாருங்க, சாம்பல் குட்டையை ஒட்டியே ஊர், கோடையில காத்தடிச்சா பாத்திரம், துணி, பிள்ளைங்க தலைமுடின்னு எல்லாத்து மேலயும் சாம்பல் படியும். சிமெண்ட்ல இறுகிப் போன சாம்பல் யார் மூச்சுக்குள்ளயும் போகாது, அங்க பறக்குறது போகும். குட்டையில கிடக்குற ஒவ்வொரு டன்னும் செங்கல்லயோ காங்க்ரீட்டுலயோ போய்ச் சேரணும்னு நான் மனசார நினைக்கிறேன், அதனாலதான் இந்த வாய்ஸ் நோட்டு மேல எனக்கு இவ்வளவு கோபம்.

கோபம் எங்க தொழில் மேலயும் இருக்கு. எனக்கு வர்ற ஃப்ளை ஆஷ் ரிப்போர்ட்ல நைஸ் எவ்வளவு, எரியாத கரி எவ்வளவு, சிலிகா எவ்வளவுன்னு எல்லாம் இருக்கும், பெக்கரல்னு ஒரு வரி இருக்காது. அந்த ஒரு வரி இருந்திருந்தா அத்தைகிட்ட காகிதத்தை நீட்டியிருப்பேன், "வெச்சுக்குவோம்"னு கணக்கு போட்டிருக்க வேண்டியதில்ல.

அதனால அத்தை வீட்டு பால்கனி ஓரமா கிடந்த ஒரு உடைஞ்ச சாம்பல் செங்கல்லை எடுத்துட்டு வந்து இடிச்சு, சலிச்சு, அடுப்புல வெச்சு ஈரம் போக்கி, இயற்பியல் ஆராய்ச்சி பண்ற ஒரு ஃப்ரெண்டுகிட்ட குடுத்தேன். கதிர்வீச்சை அளக்குற காமா ஸ்பெக்ட்ராமீட்டர்ல வெக்கிறதுக்கு முன்னாடி டப்பாவை காத்து புகாம அடைச்சு நாலு வாரம் வெக்கணுமாம், அப்பதான் ரேடான் வெளிய போகாம ரேடியத்தோட சமநிலைக்கு வரும், எண்ணிக்கை சரியா கிடைக்கும். மூடி மேல டேப் சுத்தி தேதி எழுதி வெச்சிருக்கான். இன்னியோட 19 நாள் ஆச்சு. அத்தை தினமும் ராத்திரி "திறந்துட்டானா"ன்னு கேக்குறாங்க, இன்னும் 9 நாள் இருக்கு அத்தைன்னேன். நம்பர் எதுவா இருந்தாலும் வந்த அன்னிக்கே அப்படியே இங்க போடுறேன்.