ஒரு மூலையில் மட்டும் சிறகு முளைத்த நட்சத்திரங்கள்

20 மி.மீ. லென்ஸின் துளையை எஃப் 1.8-க்கு முழுசாகத் திறந்து ஓரியன் விண்மீன் கூட்டத்தை எடுத்தால், படத்தின் வலது மேல் மூலையில் மட்டும் நட்சத்திரங்களுக்குச் சிறகு முளைக்கிறது. மற்ற மூன்று மூலைகளும் பரவாயில்லை. அகலக்கோண லென்ஸில் ஓரங்களில் கோமா, அதாவது நட்சத்திரம் புள்ளியாக நிற்காமல் சிறகுபோல் இழுபடும் குறை, வருவது இயல்புதான். ஆனால் நான்கு மூலைகளிலும் ஏறக்குறைய ஒரே அளவில் வர வேண்டும். ஒரு மூலை தனித்துக் கெட்டுப்போனால், உள்ளே ஏதோ ஒரு கண்ணாடி மையம் விலகியிருக்கலாம்.

அதற்கு முன் பூமியின் சுழற்சியைக் கணக்கிலிருந்து நீக்கியாக வேண்டும். ஓரியன் வான நடுக்கோட்டை ஒட்டியிருப்பதால் நொடிக்கு 15 ஆர்க்செகண்ட் (ஒரு ஆர்க்செகண்ட் என்பது ஒரு பாகையில் 3600-இல் ஒரு பங்கு) நகர்கிறது. 24 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேமில் இந்த லென்ஸுக்கு ஒரு பிக்சல் சுமார் 60 ஆர்க்செகண்ட். அதாவது 4 நொடியில் ஒரு பிக்சல். 500-ஐ லென்ஸின் மி.மீ.-ஆல் வகுத்து நொடியைக் கணக்கிடும் 500 விதிப்படி 25 நொடி வைத்தால் ஆறு பிக்சல் நீளத்துக்குக் கோடு விழும். சோதனைக்கு அது உதவாது. ஆகவே ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளியுணர்வு அளவை) ஏற்றி 4 நொடியில் எடுத்தேன். சிறகு அப்படியே இருந்தது.

அடுத்து, கேமராவை நெட்டுக்குத் திருப்பி அதே வானத்தை எடுத்தேன். படத்தைத் தானாகத் திருப்பிக் காட்டும் வசதியை முதலில் அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் எந்த மூலை எது என்று குழம்பும். மேகமோ பனிமூட்டமோ காரணம் என்றால் மங்கல் வானத்தின் அதே இடத்தில் நின்றிருக்கும். எனக்கு அது ஃபிரேமின் அதே மூலையோடு கூடவே நகர்ந்தது. என்னைக் கேட்டால், லென்ஸைக் குறை சொல்லும் முன் எல்லோரும் கட்டாயம் செய்ய வேண்டிய சோதனை இதுதான். ஒரு நிமிட வேலை.

சரி, சென்சார் சாய்ந்திருந்தால்? வேறொரு லென்ஸை மாட்டிப் பார்த்தேன். அதே மூலை சுத்தமாக இருந்தது. பாடி மேல் பழி இல்லை.

அப்புறம் இரவு வானின் மிகப் பிரகாசமான நட்சத்திரமான சிரியஸ். நடுவில் வைத்து, லைவ் வியூவைப் பெரிதாக்கி ஃபோகஸ் செய்து, வளையத்தைத் தொடாமல் நான்கு மூலைகளுக்கும் கொண்டுபோய் எடுத்தேன். ஒரே நட்சத்திரம், ஒரே ஃபோகஸ் என்பதால் ஒப்பிடுவது எளிது. பிறகு கெட்ட மூலையிலேயே வைத்து ஃபோகஸை மெல்ல நகர்த்தினேன். அங்கே நட்சத்திரம் உருண்டையாகக் கூர்மைப்பட்டிருந்தால் ஃபோகஸ் தளம் சாய்ந்திருக்கிறது என்று மட்டும் சொல்லலாம். கொஞ்சம் சிறிதானதே தவிர சிறகு போகவில்லை. கடைசியாக சிரியஸை மறுபடி நடுவுக்குக் கொண்டுவந்து, ஃபோகஸை லேசாக விலக்கினேன். சீராக இருக்க வேண்டிய ஒளிவட்டம் ஒரு பக்கம் பிரகாசமாகவும் மறுபக்கம் மங்கலாகவும் தெரிந்தது. நடுப்புள்ளியிலேயே இப்படி என்றால் மையவிலகல்தான். எனக்கு இனி சந்தேகமில்லை.

துளையைச் சுருக்கினால் கோமா வேகமாகக் குறைகிறது. எஃப் 2.8-இல் அந்த மூலை ஏற்கும்படி இருக்கிறது, எஃப் 4-இல் தேடித்தான் பார்க்க வேண்டும். ஆனால் 2.8-க்குப் போனாலே ஒளி பாதிக்கும் கீழே விழுகிறது. பால்வீதி எடுப்பவருக்கு அது பெரிய இழப்பு, 1.8-க்காகத்தானே இந்த லென்ஸை வாங்குகிறோம்!

நான்கு மூலைகளின் வெட்டுப் படங்களையும் நெட்டுக்கு எடுத்ததையும் சேர்த்து லென்ஸை சர்வீஸுக்கு அனுப்பப் போகிறேன். அதுவரை 2.8, கூடவே நெட்டுப் படங்களில் அந்த மூலை தரைப்பக்கம் விழும்படி கேமராவைத் திருப்பி வைக்கிறேன். திரும்பி வந்ததும் இதே சிரியஸ் வரிசையை இதே அமைப்பில் எடுத்து, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.