கட்டங்களை மறுத்த கோண்டு ஓவியர்கள்

சித்திரக்கதை என்றதும் நம் கண்முன் வருபவை கட்டங்கள்தான். பக்கத்துக்கு ஆறோ எட்டோ சதுரங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு காட்சி, மேலே வெள்ளைக் குமிழியில் வசனம் என்ற அமைப்புக்கு நம் கண் அவ்வளவு பழகிவிட்டது. அம்பேத்கரின் வாழ்க்கையைச் சொல்லும் ‘பீமாயணம்’ என்ற கிராஃபிக் நாவலில் (நவயானா பதிப்பகம், 2011) அந்தக் கட்டங்கள் இல்லை. ஸ்ரீவித்யா நடராஜனும் எஸ். ஆனந்தும் எழுதிய கதைக்குப் படம் வரைந்த துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம் தம்பதியர், மனிதர்களைப் பெட்டிக்குள் அடைத்து வரைய மறுத்துவிட்டார்கள். தீண்டாமையைப் பேசும் ஒரு புத்தகத்துக்கு இதைவிடப் பொருத்தமான வடிவமைப்பு அமைந்திருக்க முடியாது.

இருவரும் மத்தியப் பிரதேசத்தின் பர்தான் கோண்டு பழங்குடிச் சமூகத்தைச் சேர்ந்தவர்கள். பர்தான்கள் வழிவழியாகப் பாணர்கள். ‘பானா’ என்ற நரம்புக் கருவியை இசைத்து, கோண்டு குடும்பங்களின் முன்னோர் கதைகளைப் பாடி வந்தவர்கள். 1980-களின் தொடக்கத்தில், போபாலில் பாரத் பவன் என்ற கலை மையத்தை உருவாக்கிக்கொண்டிருந்த ஓவியர் ஜெ. சுவாமிநாதன் (சிம்லாவில் பிறந்த தமிழர்) ஜன்கட் சிங் ஷியாம் என்ற இளைஞரின் திறமையை அடையாளம் கண்டு ஊக்குவித்த பிறகே, இவர்களுடைய கலை காகிதத்துக்கும் கான்வாஸுக்கும் பரவலாக வந்து சேர்ந்தது. உருவங்களின் உள்ளே புள்ளிகளும் கோடுகளும் பிறைகளுமாக நிரப்பும் முறையில் ஒவ்வொரு ஓவியருக்கும் தனி முத்திரை உண்டு. பழகிய கண்ணுக்கு அதுவே கையெழுத்து.

கட்டங்களுக்குப் பதிலாக இப்புத்தகத்தின் பக்கங்களைப் பிரிப்பது ‘திக்னா’. வீட்டுச் சுவரிலும் தரையிலும் வண்ண மண்ணால் வரையும் இந்தக் கோலம், இங்கே பக்கத்தின் குறுக்கே வளைந்து சென்று ஒரு காட்சியை இன்னொன்றிலிருந்து விலக்குகிறதே தவிர, எதையும் மூடி அடைப்பதில்லை. பேச்சுக் குமிழிகளைப் பார்த்தபோது நான் உண்மையிலேயே வியந்தேன். பரிவோடு பேசுபவர்களின் சொற்களும் சாதியால் துன்புற்றவர்களின் சொற்களும் பறவை வடிவக் குமிழிகளில் வருகின்றன. சாதி வெறியோடு உமிழப்படும் சொற்களைத் தாங்கும் குமிழிக்குத் தேளின் கொடுக்கு இருக்கிறது. மனத்துக்குள் ஓடும் எண்ணத்தைச் சொல்லும் குமிழியில் ஒரு கண் வரையப்பட்டிருக்கிறது. பேசுபவர் யார் பக்கம் என்பதை வசனத்தைப் படிக்கும் முன்பே ஒரு குழந்தைகூட அறிந்துகொள்ளும்.

ரயில் பாம்பாக நெளிகிறது. தண்ணீர் மறுக்கப்பட்டுத் தாகத்தில் தவிக்கும் சிறுவன் பீமின் (அம்பேத்கரின்) உடலோடு மீனின் உருவம் கலக்கிறது. 1927-இல் மகாராஷ்டிரத்தின் மஹாடில் சவதார் குளத்துத் தண்ணீரைப் பருகும் உரிமைக்காக அம்பேத்கர் மக்களிடையே பேசும் பக்கத்தில், ஒலிபெருக்கிகள் நீர்த் தூவிகளாக மாறிக் கூட்டத்தின் மீது தண்ணீர் தெளிக்கின்றன. பல பத்திகள் விளக்க வேண்டிய ஓர் அரசியலை இந்த ஒரே படம் சொல்லிவிடுகிறது. புத்தகத்தின் உச்சம் இதுதான் என்பது என் கருத்து.

பேருந்து நிறுத்தத்தில் இருவர் இட ஒதுக்கீட்டைப் பற்றி விவாதிக்கும் இன்றைய காலப் பகுதி எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. அங்கே வசனம் பாடம் நடத்துகிறது. ஓவியம் அதன் பின்னால் நடக்கிறது. சில பக்கங்களில் எந்தக் குமிழியை முதலில் படிப்பது என்ற தயக்கமும் வருகிறது. ஆனால் அந்தத் தயக்கம் படத்தின் மீது கண்ணைக் கூடுதலாக நிறுத்திவைப்பதால், அதை நான் குறையாகக் கருதவில்லை.