வாசல்ல பட்டை வேலை
மச்சானோட பிக்கப்புக்குப் பின்பக்கம் பாரம் தாங்குற பட்டை (லீஃப் ஸ்பிரிங்) எறங்கிப் போச்சு. ஈரோட்டுக்கு மஞ்சள் மூட்டை ஏத்துற வண்டி, எறங்காம என்ன பண்ணும்? "பட்டறைக்கு எதுக்குங் மாமா, வாசல்லயே ஒரு பட்டை சேத்துப் போட்டுக்கலாம்"ங்கறான்.

போடலாம். மொதல்ல எவ்வளவு எறங்கியிருக்குன்னு அளவு எடுக்கோணும். சமதரை, காலி வண்டி, டயர்ல காத்து சரியா இருக்கோணும். வீல் நடுவுல இருந்து மட்கார்டு வளைவு வரைக்கும் ரெண்டு பக்கமும் டேப் புடிச்சுக் குறிச்சுக்குங்க. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில பூந்துராதீங்க, சேசிசுக்கு ஸ்டாண்டு குடுங்க. பட்டையை ஆக்சிலோட (வீல் அச்சோட) சேத்துப் புடிக்கற பழைய யூ போல்ட்டையே திரும்ப முடுக்கறது வெட்டிக் கஞ்சத்தனம்.

எல்லாரும் மறக்கறது இன்னொண்ணு. சில வண்டியில ஆக்சில்ல இருந்து பிரேக் வால்வுக்கு ஒரு கம்பி போகும். பின்பக்கம் ஒசந்துட்டா, பாரம் கம்மின்னு நெனச்சு அது பின் பிரேக்கைக் கொறச்சிரும். அதைச் செட் பண்ணப் பட்டறைக்குத்தான் போகோணும்னேன். மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டான்.