வலது கைக்கு ஒரு பட்டியல்

8 ஜூன் 2025, ஞாயிறு

அக்கா மகன் எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கிவிட்டான். பிளஸ் டூ முடிந்து கல்லூரி திறக்கும்வரை சும்மா இருக்கிற காலம். "சித்தி, நீங்க பாட்டு கத்துக்கிட்டவங்கதானே, ஸ்ருதி சேர்த்துக் குடுங்க" என்று மாடியேறி வந்தான். ஸ்ருதி சேர்க்க உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை. இனிமேல் கிட்டார் ஒன்று, ஆள் இரண்டு.

முதல் பாட்டு, ஊரில் உலகத்தில் எல்லோருக்கும் முதல் பாட்டு: டீப் பர்பிள் என்ற ராக் குழுவின் 'ஸ்மோக் ஆன் தி வாட்டர்'. 1971 டிசம்பர் 4 அன்று சுவிட்சர்லாந்தின் மோன்த்ரோவில் ஃபிராங்க் ஸாப்பாவின் கச்சேரி நடக்கும்போது கூட்டத்தில் யாரோ ஃப்ளேர் துப்பாக்கியைச் சுட, காசினோவே எரிந்துபோனது. ஆல்பம் பதிவு செய்ய அந்த ஊருக்கு வந்திருந்த இவர்கள், ஏரிமேல் புகை படர்ந்ததைப் பாட்டாக்கிவிட்டார்கள். ரிஃப், அதாவது பாட்டில் திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கு, இவ்வளவுதான்: டி, ஜி இரண்டு கம்பியையும் சேர்த்து 0-3-5, 0-3-6-5, மறுபடி 0-3-5, அப்புறம் 3-0. எண் எல்லாம் ஃப்ரெட், கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கோடுகளின் கணக்கு; 0 என்றால் கம்பியை அழுத்தாமல்.

எனக்கு அது ஸ்வரமாகத்தான் காதில் விழுகிறது. ஸட்ஜமம், சாதாரண காந்தாரம், சுத்த மத்யமம். ஆறாவது ஃப்ரெட்டில் மட்டும் பிரதி மத்யமம் எட்டிப் பார்த்துவிட்டு இறங்கிவிடுகிறது. அந்த ஒன்றை எடுத்துவிட்டால் சுத்த தன்யாசி ராகம் என்று சொல்லி ஒரு சபாவையே ஏமாற்றலாம்.

பையன் பிக்கால், அந்தச் சின்ன பிளாஸ்டிக் தகடால், அடித்தான். இரண்டு கம்பியும் ஒன்றன்பின் ஒன்றாக 'டிர்ர்' என்றது. டீப் பர்பிளின் கிட்டாரிஸ்ட் ரிட்சி பிளாக்மோர் இதைப் பிக்கால் வாசிப்பதில்லை, இரண்டு கம்பியையும் விரலால் ஒரே நேரத்தில் சுண்டுகிறார். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வைத்துச் சுண்டிப் பார்த்தோம். அதே ஃப்ரெட், அதே கம்பி. இப்போதுதான் ரெக்கார்டில் கேட்கும் அந்தக் கனம் வந்தது.

10 ஜூன், செவ்வாய்

விரல் நுனி எரிகிறது. ஆபீஸில் கீபோர்டைத் தட்டும்போதெல்லாம் ஞாபகம். கம்பி 9-ஆம் நம்பர் செட், மெல்லிசு ரகம். இதைவிட மெல்லிசு வேண்டாம் என்று கடைக்காரர் சொன்னாராம்.

14 ஜூன், சனி

தி ஒயிட் ஸ்ட்ரைப்ஸின் 'செவன் நேஷன் ஆர்மி', 2003. ஏ கம்பியில் மட்டும் 7-7-10-7-5-3-2. நடபைரவி ராகத்தின் ஸ்வரங்களில் ஸட்ஜமத்திலிருந்து மெல்லப் பஞ்சமத்துக்கு இறங்குவது. கால்பந்து மைதானங்களில் கூட்டம் கூட்டமாகப் பாடுவது இதைத்தான். கேட்டால் பேஸ் கிட்டார் மாதிரி இருக்கும். அந்தக் குழுவில் பேஸ் வாசிக்க ஆளே கிடையாது. ஜாக் ஒயிட் ஒலியை மாற்றும் பெடல் வைத்து கிட்டாரை ஒரு ஸ்தாயி கீழே இறக்கியிருக்கிறார். பையன் அரைமணி நேரத்தில் பிடித்துவிட்டான், உடனே சலித்தும்விட்டான்.

அவன் ஃபோனில் 'ஆரம்பநிலைக்கான சுலபப் பாடல்கள்' என்று ஒரு நீளமான பட்டியல் வைத்திருக்கிறான். எல்லாம் எத்தனை கார்டு (ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்கள்), எத்தனை ஃப்ரெட் என்று எண்ணி வரிசைப்படுத்தியது. கம்பியை அழுத்தும் இடது கையை மட்டும் பார்த்துப் போட்ட பட்டியல் என்று எனக்கு இப்போதே சந்தேகம்.

19 ஜூன், வியாழன்

பவர் கார்டு. ஸட்ஜமம், பஞ்சமம், வேண்டுமானால் மேலே இன்னொரு ஸட்ஜமம். காந்தாரம் கிடையாது, ஆகவே மேஜரும் இல்லை மைனரும் இல்லை. ஆள்காட்டி விரல் ஓரிடம், மோதிர விரல் அடுத்த கம்பியில் இரண்டு ஃப்ரெட் தள்ளி. அதே வடிவத்தைக் கழுத்து நெடுக நகர்த்திக்கொண்டே போகலாம். பாதி ராக் இதிலேயே ஓடுகிறது.

ஏன் காந்தாரத்தை விட்டார்கள் என்று ஒலிபெருக்கி ஆம்பைத் திருகிப் பார்த்தே கண்டுபிடிக்கலாம். டிஸ்டார்ஷன், அதாவது ஒலியின் கரகரப்பு, ஏற்றிவிட்டு முழு மேஜர் கார்டைத் தட்டினால் கூழ். ஸ-ப மட்டும் தட்டினால் தெளிவு, அதோடு வாசிக்காத ஒரு கீழ் ஸட்ஜமமும் கூடவே உறுமுகிறது. ஸட்ஜமத்துக்கும் பஞ்சமத்துக்கும் அதிர்வெண் விகிதம் 2-க்கு 3; டிஸ்டார்ஷன் இரண்டின் வித்தியாசத்தையும் ஒலியாக்கிவிடும், அதாவது 1. அது ஸட்ஜமத்துக்கு ஒரு ஸ்தாயி கீழே. தம்புராவுக்குக் கோபம் வந்தால் இப்படித்தான் இருக்கும்.

இன்றைய பாட்டு தி கிங்க்ஸின் 'யூ ரியலி காட் மீ', 1964. ஆரம்ப ரிஃபுக்கு இரண்டே கார்டு, பக்கத்துப் பக்கத்தில். அந்தக் கரகரப்புக்கு டேவ் டேவிஸ் சின்ன ஆம்பின் ஸ்பீக்கர் காகிதத்தை பிளேடால் கிழித்தார் என்று சொன்னேன். பையன் ஆம்பையும் மேஜை டிராயரையும் மாறி மாறிப் பார்த்தான். அக்கா பார்த்த பார்வையில் அடங்கிவிட்டான்.

22 ஜூன், ஞாயிறு

பிளாக் சப்பத்தின் 'அயர்ன் மேன்' தொடங்கினோம். 1970, 'பாரனாய்டு' ஆல்பம். எல்லாம் பவர் கார்டு: அடிக்கம்பியில் 7, 10-10, 12-12, பிறகு 15-14 என்று மூன்று தடவை ஊஞ்சல், மறுபடி 10-10, 12-12. மெதுவான பாட்டு. கையை வடிவம் கலையாமல் கம்பிமேல் தேய்த்துக்கொண்டே நகர்த்தினால் வந்துவிடும், எடுத்து எடுத்து வைத்தால் வராது.

அப்பா ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கோயம்புத்தூர் கணபதியில் ஒரு பவர் பிரஸ் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பிளாக் சப்பத்தின் கிட்டாரிஸ்ட் டோனி அயோமி கதையை அவருக்காகவே சத்தமாகச் சொன்னேன். பர்மிங்காமில் தகடு வெட்டும் ஆலை, வயது 17, வேலையை விட்டு நிற்கப்போகிற கடைசி நாள். வலது கையில் நடுவிரல், மோதிர விரல் இரண்டின் நுனியும் மிஷினில் போய்விட்டது. இடதுகைக்காரர் என்பதால் கம்பியை அழுத்துகிற கையே அதுதான்.

அப்பா பேப்பரை மடித்துவிட்டார். "மிஷினுக்கு சேப்டி கார்டு போட்டிருக்க மாட்டாங்க கண்ணு. எங்க பட்டறைலயும் அப்படித்தான். சேப்டி கார்டு போட்டா பீஸ் கொறையும்னு கழட்டி வெச்சிருவாங்க." அப்புறம், "அந்தப் பையன் என்ன பண்ணுச்சு?" என்றார்.

பாத்திரம் கழுவும் திரவத்தின் பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்துகொண்டார், மேலே தோல் ஒட்டினார். தொப்பிக்குக் கம்பி தெரியாதே, அதனால் அழுத்தம் குறைய வேண்டும் என்று பாஞ்சோ கம்பியை எடுத்துக் கிட்டாரில் மாட்டினார். பின்னால், 1971-இல் 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி' ஆல்பத்தில், சில பாட்டுகளுக்கு ஸ்ருதியையே மூன்று அரைச்சுரம் இறக்கிவிட்டார். கம்பி இன்னும் தளர்ந்தது, ஒலி இன்னும் கனத்தது. மெட்டல் இசையின் அந்த இருட்டுச் சத்தத்தில் பெரும் பங்கு ஒரு தொழிற்சாலை விபத்திலிருந்து வந்தது.

"தொப்பி, ஆமா, தோல்தான் புடிக்கும்" என்றார் அப்பா. கைவேலைக்காரர் கைவேலைக்காரரை மெச்சுகிற தொனி. பிறகு எங்கள் அயர்ன் மேனை முழுசாகக் கேட்டார். பாட்டு எப்படி என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

29 ஜூன், ஞாயிறு

மெட்டாலிகாவின் 'என்டர் சாண்ட்மேன்', 1991. சுலபப் பட்டியல்கள் பலவற்றில் இருக்கிறது. ஆரம்பத்து மெல்லிய ரிஃப் சுலபம்தான், மறுக்கவில்லை. முழு வேகத்தில் டிஸ்டார்ஷனோடு வரும்போதுதான் விஷயம் இருக்கிறது. உள்ளங்கை ஓரத்தைப் பிரிட்ஜ், அதாவது கம்பி முடிகிற கட்டை, பக்கம் கம்பிமேல் வைத்து அடிப்பது, பாம் மியூட். கொஞ்சம் முன்னே வைத்தால் கம்பி செத்துவிடும், பின்னே வைத்தால் அலறும். சரியான இடம் ஒரு விரல்கடை அகலம்கூட இருக்காது.

அடி எல்லாம் கீழ்நோக்கி. மெட்டாலிகாவின் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டு மேலும் கீழுமாக அடித்தால் சுலபமாகிவிடும் இடங்களில்கூடக் கீழ்நோக்கியே அடிக்கிறவர். அதில்தான் அந்த இரும்புச் சீர் வருகிறது. பத்து நிமிடத்தில் முன்கை கல்லாகிவிட்டது. வலித்தால் நிறுத்து, தோளைத் தளர்த்து, தாளம் தட்டும் மெட்ரோனோமின் வேகத்தைக் குறை என்பதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரிந்து இல்லை.

3 ஜூலை, வியாழன்

ஏசி/டிசியின் 'பேக் இன் பிளாக்', 1980. ஈ, டி, ஏ மூன்று கார்டு. கார்டுக்கும் கார்டுக்கும் நடுவே இருக்கிற மௌனம்தான் ரிஃப். அடித்த கம்பியை உடனே கையால் மூடாவிட்டால் பாட்டே இல்லை. பையன் அவசரப்பட்டான். நான் தொடையில் ஆதி தாளம் போட்டேன். கார்வை என்ற இடைவெளியில் கை பேசாமல் இருக்கட்டும், தாளம் நிற்காது என்று பாட்டு டீச்சர் எனக்குச் சொன்னதையே அவனுக்கும் சொன்னேன். புரிந்த மாதிரி தலையாட்டினான்.

6 ஜூலை, ஞாயிறு

நம் நேரத்துக்கு விடியற்காலையில் பர்மிங்காமின் வில்லா பார்க் மைதானத்தில் பிளாக் சப்பத்தின் கடைசிக் கச்சேரி முடிந்திருக்கிறது. அவர்கள் வளர்ந்த ஆஸ்டன் பகுதியிலேயே. ஆஸி ஆஸ்போர்ன், அயோமி, கீசர் பட்லர், பில் வார்டு நால்வரும் 20 வருடத்துக்குப் பிறகு ஒரே மேடையில். காலையில் துண்டு துண்டாகப் பார்த்தோம். பார்க்கின்சன்ஸ் நோயால் ஆஸி நிற்க முடியாமல் கறுப்புச் சிம்மாசனத்தில் உட்கார்ந்து பாடினார். 'வார் பிக்ஸ்', 'என்.ஐ.பி.', 'அயர்ன் மேன்', 'பாரனாய்டு'. நான்கு பாட்டு, அதோடு சரி.

"அயர்ன் மேன் நம்ம வாசிச்ச மாதிரியேதான் இருக்கு" என்றான் பையன். அயோமியின் இடத்தில் தன்னை வைத்துப் பார்க்கிறான், பார்க்கட்டும்.

அந்த உற்சாகத்தில் அவர்களுடைய முதல் ஆல்பத்தின் முதல் பாட்டு, 'பிளாக் சப்பத்', 1970. ரிஃபுக்கு மூன்றே ஸ்வரம்: ஜி, மேல் ஜி, பிறகு சி ஷார்ப். ஸட்ஜமம், மேல் ஸட்ஜமம், பிரதி மத்யமம். மேற்கத்திய இசையில் இந்த இடைவெளிக்குப் பிசாசின் பெயரை வைத்திருக்கிறார்கள். நம் 72 மேளகர்த்தா என்ற தாய் ராகங்களில் சரிபாதி பிரதி மத்யம ராகங்கள், கல்யாணியைக் கல்யாண வீட்டிலேயே பாடுகிறோம். பிசாசு கணக்கில் இல்லை. ஆனால் அந்தக் கடைசி ஸ்வரத்தை அசைத்து நிறுத்தும்போது மாடி அறை இருட்டியது நிஜம். ஆரம்பநிலைக்காரர்களுக்கு இதைவிடச் சுலபமான மெட்டல் பாட்டு இல்லை என்பேன். பையனின் ஃபோன் பட்டியலில் இதைக் காணோம்.

12 ஜூலை, சனி

ஆபீஸில் ஒருவர் தன் மகளுக்கு எதில் ஆரம்பிக்கலாம் என்று கேட்டார். அடிக்கிற கை எதைத் தாங்குமோ அந்த வரிசையில் சொன்னேன். முதலில் பிளாக் சப்பத், செவன் நேஷன் ஆர்மி. கை அவசரப்படாத பாட்டுகள். பிறகு அயர்ன் மேன், கார்டு நகர்த்தப் பழக. பிறகு பேக் இன் பிளாக், சும்மா இருக்கப் பழக. நிர்வாணாவின் 'ஸ்மெல்ஸ் லைக் டீன் ஸ்பிரிட்' அதற்கும் பிறகு. நான்கே பவர் கார்டு என்று எல்லோரும் முன்னாலேயே தள்ளிவிடுகிறார்கள், ஆனால் நடுவில் வரும் செத்த அடிகள், கம்பியை மூடிக்கொண்டு 'சிக்-சிக்' என்று தேய்ப்பது, வலது கை பழகாமல் வராது. என்டர் சாண்ட்மேன் கடைசியில். ஸ்மோக் ஆன் தி வாட்டர் எப்போது வேண்டுமானாலும், விரலால்.

"இவ்ளோ மெதுவாவா?" என்று கேட்டார். மகளைக் கேட்கச் சொன்னேன்.

23 ஜூலை, புதன்

ஆஸி ஆஸ்போர்ன் நேற்று இறந்துவிட்டார், வயது 76. கச்சேரி முடிந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. பையன் காலையிலேயே ஃபோனை நீட்டினான். கிட்டாரை இன்று தொடவில்லை. அவனுக்கு அட்மிஷன் வேலை, எனக்கு ஆடிட்.

27 ஜூலை, ஞாயிறு

'பாரனாய்டு'. ஆல்பத்தில் இடம் மிச்சமிருக்கிறது என்று கடைசி நேரத்தில் அவசரமாகப் போட்ட பாட்டு. பிரிட்டனில் நான்காம் இடம் வரை போனது. 'வார் பிக்ஸ்' என்று இருந்த ஆல்பத்தின் பெயரையும் இதுவே பிடுங்கிக்கொண்டது. ஆரம்பத்தில் 12-ஆம் ஃப்ரெட் பக்கம் கொஞ்சம் விரல் வேலை, அப்புறம் ஈ பவர் கார்டை மூடிய உள்ளங்கையோடு ஓட்டிக்கொண்டே போக வேண்டும். வேகம் நிமிடத்துக்கு 160-க்கு மேல்.

பையன் ரெக்கார்டோடு சேர்ந்தே ஓடப் பார்த்தான். இரண்டாவது சரணத்தில் கை பின்தங்கியது. நான் மெட்ரோனோமை 100-இல் வைத்தேன், முகத்தைத் தூக்கிக்கொண்டான். 100-இல் பாட்டு முழுக்க வந்தது. 110-இல் வந்தது. 120-இல் எனக்கு வரவில்லை, அவனுக்கு வந்தது. அடுத்த வாரம் ஹாஸ்டல், கிட்டாரை எடுத்துக்கொண்டு போகிறான். ஆம்பை இங்கேயே விட்டுவிடச் சொல்லியிருக்கிறேன். செகண்ட் ஹேண்ட் கிட்டார் ஒன்று விலைக்கு வருகிறது, சனிக்கிழமை போய்ப் பார்க்க வேண்டும்.